ஜீப்புகள் மட்டும் சாப்பிடப் போன மத்தியானம்

உங்க பயிற்சி அதிகாரி போன்ல எனக்குக் கொடுத்த தலைப்பு 'சுற்றுச்சூழல் துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு'. அதை ஒரே மூச்சுல சொல்லி முடிச்சதுக்கே அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கணும். முன்வரிசையில இருக்கிறவங்க அதுக்குள்ள நோட்டைத் திறந்துட்டீங்க. மூடி வைங்க கண்ணுங்களா. தேர்வுக்கு வர்ற மாதிரி என்கிட்ட ஒண்ணுமே கிடையாது. கும்மிடிப்பூண்டி பக்கத்துல ஒரு கிணறு இருக்கு, அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

உங்களுக்கெல்லாம் செல்போன்ல ஒரு குரூப் இருக்காம். நாலு துறைக்காரங்களும் அதுல இருக்கீங்களாம். காலையில பூப் படம் போட்டு வணக்கம் சொல்லிக்கிறீங்களாம். சந்தோஷம். எங்க காலத்துல ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரர் மூஞ்சியப் பார்க்கணும்னா ஒண்ணு மறியல் நடக்கணும், இல்ல அமைச்சர் வரணும்.

பங்கு பிரிச்சது எப்படின்னு கேளுங்க. கம்பெனி மதிலுக்குள்ள இருக்கிற வரைக்கும் கழிவுத் தண்ணி எங்க ஆபீஸோடது, அதாவது மாசு கட்டுப்பாடு. மதிலைத் தாண்டி வாய்க்கால்ல விழுந்துட்டா அது வாய்க்கால் துறையோடது. அதுல மீன் செத்து மிதந்தா மீன் துறை. அந்த மீனை ஒரு காக்கா தூக்கிட்டுப் போய் ஊருக்குள்ள போட்டு, ஜனங்க கூடிக் கத்தினா அது வருவாய்த் துறை. ஒரு செத்த கெண்டைக்கு நாலு துறை சொந்தம், ஆனா எடுத்துப் போட ஆள் கிடையாது. நாங்க ஒருத்தருக்கொருத்தர் கடிதம் எழுதிக்குவோம். பதில் வர்றதுக்குள்ள மீன் எலும்பாயிடும்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம்தான் மேல யாருக்கோ ஞானம் பிறந்தது. இனிமே துறைங்க தனித்தனியா ஆய்வுக்குப் போகக்கூடாது, மாசம் ஒரு தடவை நாலு பேரும் சேர்ந்துதான் போகணும்னு உத்தரவு. கூட்டாய்வுன்னு அதுக்குப் பேரு. சீர்திருத்தம், சீர்திருத்தம்னு எல்லாரும் கை தட்டினோம். நானும்தான். தனியா ஒரு கம்பெனி வாசல்ல நின்னு, வாட்ச்மேன் என்னை ஏதோ சோப்பு விக்க வந்தவ மாதிரி ஏற இறங்கப் பார்க்கிறது எனக்கு அலுத்துப் போயிருந்தது. கூட மூணு பேர் வந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன்.

அந்த மூணு பேரைச் சொல்லிடறேன். மீன் துறையிலேருந்து ரஹ்மத்துல்லா, பழவேற்காட்டுக்காரர். எங்களுக்கு அவர் மீன் பாய். பிரியாணின்னா உயிரையும் கொடுப்பார். வாய்க்கால் துறையிலேருந்து ஒரு உதவிப் பொறியாளர், வாய்க்கால் சார்னு கூப்பிடுவோம். மணி என்ன சார்னு கேட்டாக்கூட எழுத்துபூர்வமா கேளுங்கன்னு சொல்ற மனுஷன். மூணாவது வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. நல்ல உடம்பு, நல்ல மனசு. எந்தப் பிரச்சினை வந்தாலும் சாப்பிட்டுட்டுப் பேசலாம்பார்.

நான் திருநின்றவூர்ல குடியிருந்தேன். ஒரு ரயில்ல சென்னைக்குள்ள போய் இறங்கி, இன்னொரு ரயில் பிடிச்சு கும்மிடிப்பூண்டி வரணும். நான் வந்து சேர்றதுக்குள்ள மத்த மூணு ஜீப்பும் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடை வாசல்ல வரிசையா நிக்கும். என் ஆபீஸ் ஜீப்பும் அங்கேயே வந்துடும். நாஷ்டா முடிச்சு, டீ குடிச்சு, ஊர்க்கதை பேசி, நாலு ஜீப்பும் ஒண்ணு பின்னால ஒண்ணா தொழிற்பேட்டைக்குள்ள போவோம், கல்யாண ஊர்வலம்தான். பாட்டு மட்டும் போடல.

உள்ளே போனா ரோடெல்லாம் கூட்டித் தண்ணி தெளிச்சிருக்கும். கம்பெனி கம்பெனியா இளநி வெட்டி வெச்சிருப்பாங்க. வாய்க்கால்ல ஓடுற தண்ணியத் தலையில தெளிச்சுக்கலாம், அவ்வளவு சுத்தம். நாலு பேரும் பார்த்து, நாலு பேரும் தலையாட்டி, நாலு பேரும் 'குறைபாடு இல்லை'ன்னு எழுதிட்டு, நெடுஞ்சாலை மேல இருக்கிற ஹோட்டல்ல சாப்பிடப் போயிடுவோம். ஆர்.ஐ. ஜன்னலோரம் உக்காருவார். அது அவரு இடம், வேற யாரும் உக்காரமாட்டோம்.

இப்படிச் சில மாசம் போச்சு. எங்களைப் பார்த்துக் கத்துக்கங்கன்னு மத்த மாவட்டத்துக்குக்கூடச் சொன்னாங்களாம். அப்படி ஒரு ஆய்வு முடிஞ்சு நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் ஒரு பொண்ணு நேரா உள்ளே வந்தது. பேரு ரோசி. தொழிற்பேட்டையை ஒட்டி வாய்க்கால் கரையில இருக்கிற காலனி. முன்ன வயல்ல வேலை செஞ்ச குடும்பங்க, இப்ப வீட்டுக்கு ஒருத்தராவது கம்பெனியில இருக்காங்க. ரோசி ஒரு பிஸ்கட் கம்பெனியில பேக்கிங். யூனிபார்ம் கோட்டோடவே வந்திருந்தது. கையில ஒரு தண்ணி பாட்டில், உள்ளே மஞ்சளா, துருப்பிடிச்ச நிறத்துல தண்ணி. அதைக் கொண்டாந்து சாம்பார் வாளி பக்கத்துல வெச்சது.

"இன்னா மேடம், சாப்பாடு நல்லாக்கீதா? எங்க கெணத்துத் தண்ணி. இப்பத்தான் வாய்க்கால்ல வுட்டானுங்க, ஊறி வந்துச்சு. நீங்க கை கழுவறதுக்குள்ள வந்துடும், மாசா மாசம்."

ஆர்.ஐ. சமாதானம் பேசினார். "ஏம்மா, இப்பத்தான் பார்த்துட்டு வந்தோம், சுத்தமா இருந்துச்சே. அடுத்த மாசம் வர்றப்ப நல்லாப் பார்க்கிறோம்."

"வராதீங்க சார். அதான் சொல்ல வந்தேன். நீங்க வர்ற அன்னிக்குத்தான் இந்த பேஜாரு. வராம இருங்க, புண்ணியமாப் போவும்."

சொல்லிட்டுப் போயிடுச்சு. பாட்டில் அங்கேயே நின்னது. வாய்க்கால் சார் அதைப் பார்த்துட்டு, இந்தப் புகாரை எழுத்துபூர்வமா கொடுக்கலியேன்னார். மீன் பாய் அன்னைக்கு ரெண்டாவது தடவை பிரியாணி கேக்கல. அதை வெச்சே நிலைமை மோசம்னு எனக்குப் புரிஞ்சது.

அடுத்த வாரமே மேலதிகாரிங்க கூட்டம் போட்டாங்க. வாய்க்கால்ல யார் விடறாங்கன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம், கிணத்தை மூடறது சுலபம். கிணத்துக்கு கான்கிரீட் மூடி போட்டு, சிவப்புப் பெயின்ட்ல 'குடிக்க உகந்ததல்ல'ன்னு எழுதிட்டு, காலனிக்கு லாரித் தண்ணி கொடுக்கலாம்னு தீர்மானம். நாலு துறையும் சம்மதிக்கணும். மூணு பேர் அன்னைக்கே சம்மதம் கொடுத்துட்டாங்க. நான் மட்டும் பாக்கி.

புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நாலு துறை ஒரு விஷயத்துல சண்டை போட்டா பயப்படாதீங்க, அது இயற்கை. நாலு துறையும் ஒரே நாள்ல ஒத்துப்போச்சுன்னா மட்டும் சந்தேகப்படுங்க. அங்க இல்லாத அஞ்சாவது ஆள் யாரோ ஒருத்தர் தலையில அது விடிஞ்சிருக்கும்.

நான் காலனிக்குப் போனேன், ஜீப் எடுக்காம நடந்தே. ரோசி கிணத்தடியில இருந்தது. லாரித் தண்ணி வரும்மான்னேன். அதுக்கு அது சிரிச்சது பாருங்க, எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல.

"லாரி எப்ப வரும்? அவன் வர்றப்ப வரும். நான் ஷிப்டுல இருப்பேன், எங்க அண்ணி ஷிப்டுல இருப்பாங்க. யாரு புடிக்கறது? கெணறுன்னா எந்நேரமும் கீது மேடம். அதுக்கு மூடி போட்டுட்டீங்கன்னா அப்புறம் வாய்க்கால்ல இன்னா வுட்டாலும் கேக்க ஆளு கீதா? கெட்டுப்போவ கெணறே இல்லியே."

அதுதான் விஷயம். கிணறு இருக்கிற வரைக்கும்தான் தப்பு தெரியும். அதை மூடிட்டா நாங்களும் நிம்மதியா இருப்போம், விடறவனும் நிம்மதியா இருப்பான். காலனியில இருக்கிறவங்க மட்டும் காலிக் குடத்தோட நிக்கணும்.

சாயந்திரம் ரயில்ல ஜன்னலோரம் இடம் கிடைச்சும் எனக்குத் தூக்கம் வரல. நீங்க வர்ற அன்னிக்குத்தான்னு ரோசி சொன்னது மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. எதிர்ல ரெண்டு கம்பெனி ஆளுங்க பேசிக்கிட்டு வந்தாங்க. அவங்க சூப்பர்வைசர் ஊருக்குப் போயிட்டாராம், ஊர் போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ணாராம், அப்புறம்தான் இவங்க நிம்மதியா சீட்டுக்கட்டை எடுத்தாங்களாம். எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. முன்ன நாங்க தனித்தனியா, கண்ட நேரத்துல, கண்ட வழியில வந்துக்கிட்டு இருந்தோம். இன்னைக்கு மீன் ஆள் வருவானா, மாசு ஆள் வருவானான்னு கம்பெனிக்காரனுக்கு எந்நேரமும் ஒரு உதறல் இருந்தது. இப்ப? மாசத்துல ஒரு மத்தியானம், நாலு துறையும் ஒரே ஹோட்டல்ல ஒரே மேஜையில இலை முன்னால உக்காந்திருக்கும்னு தொழிற்பேட்டைக்கே தெரியும். வாசல்ல நாலு ஜீப் நிக்குதான்னு ஒரு ஆள் எட்டிப்பார்த்து போன் போட்டாப் போதும். மாசம் முழுக்கச் சேர்த்து வெச்சதைத் திறந்து விடலாம். நாங்க கொண்டுவந்த ஒருங்கிணைப்பு அவனுக்கு நல்ல நேரம் குறிச்சுக் கொடுத்திருக்கு.

என் மேலதிகாரி போன் பண்ணார். "மூணு பேர் போட்டாச்சு, உன்னாலதான்மா நிக்குது." அடுத்த கூட்டாய்வு முடிஞ்சு போடறேன் சார்னேன். அவர், "சரி, அதுக்கு மேல என்னால தாங்க முடியாது, அன்னைக்கு சாயந்திரம் கையெழுத்து என் மேஜையில இருக்கணும்"னார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கும் மேல ஒருத்தர் இருக்காரே.

மீன் பாயைத் தனியாப் பார்த்துச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிஞ்சுடுச்சு. "அப்ப நாம சாப்பிடலன்னா போதும்ங்கிறீங்க."

"நாம சாப்பிடக் கூடாது பாய். ஆனா ஜீப் சாப்பிடணும்."

அடுத்த ஆய்வு எப்பவும் போலத்தான் நடந்தது. டீக்கடை, ஊர்வலம், இளநி, குறைபாடு இல்லை. ஹோட்டல் வாசல்ல நாலு ஜீப்பும் வரிசையா நின்னது. ஆர்.ஐ.யை மட்டும் ஜன்னலோரம் உக்கார வெச்சோம். அவர் அங்க உக்காந்து சாப்பிடலன்னா ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான். அவர் கூட எங்க டிரைவருங்க எல்லாம் எங்க நாற்காலியில. மீன் பாய் தன் பிரியாணியை டிரைவர்கிட்ட ஒப்படைச்சப்ப அவர் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. சர்வீஸ்ல செஞ்ச பெரிய தியாகம்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார். சமையல்கட்டு வழியா, மாவரைக்கிற கிரைண்டர் பக்கமா, நானும் மீன் பாயும் வாய்க்கால் சாரும் வெளியே வந்து ஒரு ஷேர் ஆட்டோவுல ஏறினோம். எங்க போறோம்னு வாய்க்கால் சார்கிட்ட பாதி வழியிலதான் சொன்னோம். முன்னாடியே சொல்லியிருந்தா எழுதிக் கேட்டிருப்பார்.

காலனிக்கு மேல, தொழிற்பேட்டைக்குக் கீழ, வாய்க்கால்ல ஒரு தரைப்பாலம். அதுல இரும்பு ஷட்டர் ஒண்ணு. அதை இறக்கினா தண்ணி கீழ போகாது. அதைத் திருகுற கைப்பிடி வாய்க்கால் சார் பையில இருந்தது, எப்பவும் இருக்கும். நாங்க போய் நின்ன கொஞ்ச நேரத்துல ரோசியும் காலனிப் பொம்பளைங்க சிலரும் வந்துட்டாங்க. அப்பத்தான் மேல வாய்க்கால் வளைவுல மஞ்சளா வர ஆரம்பிச்சது. மூக்குல ஏறுற நெடி.

இப்ப என்ன செய்வீங்க சொல்லுங்க. சட்டப்படி நான் கம்பெனி வாசலுக்குப் போய், நோட்டீஸ் கொடுத்து, அவங்க முன்னாலதான் தண்ணி சாம்பிள் எடுக்கணும். எடுத்ததை ரெண்டாப் பிரிச்சு ஒரு பங்கை அவங்க கையில கொடுக்கணும். இல்லன்னா கோர்ட்டுல நிக்காது. ஆனா நான் கேட்டுக்குப் போனாலே வால்வை மூடிடுவான். வந்தது ஓடி கிணத்துக்குள்ள போயிடும். சாட்சியும் போகும், கிணறும் போகும், சாயந்திரம் என் கையெழுத்தும் போகும். வழி ஷட்டர் ஒண்ணுதான். இறக்கினா தண்ணி நிக்கும். தேங்கி, மேல ஏறி, அது வந்த குழாய் வாயிலயே போய் நிக்கும். அப்புறம் நான் நிதானமா நோட்டீஸ் கொடுக்கலாம்.

"சார், இறக்குங்க"ன்னேன்.

"எங்க செயற்பொறியாளர் உத்தரவு இல்லாம முடியாதும்மா. தண்ணி ஏறி தொழிற்பேட்டை ரோட்டுல நின்னா யாரு பதில் சொல்றது? எனக்குப் பொண்ணு கல்யாணம் வருது. எழுத்துபூர்வமா..."

நான் அவரைக் கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க. பயப்படறவனுக்குத்தான் இழக்க ஏதாவது இருக்கும். ரோசி தண்ணியைப் பார்க்கல, அவரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தது.

வாய்க்கால் சார் பையைத் திறந்தார். கைப்பிடியை எடுத்து பாலத்துக் கட்டைச்சுவர் மேல வெச்சார். அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டு, "பழவேற்காடு பக்கத்துலேருந்து நாரைங்க வருதாம். நான் கொஞ்ச நேரம் நாரை பார்க்கிறேன்"னார். வானத்துல ஒரு காக்காகூட இல்ல.

மீன் பாய் கைப்பிடியை எடுத்து மாட்டினார். துருப்பிடிச்ச ஷட்டர், அவரால தனியா திருக முடியல. ரோசி புடவையை இடுப்புல சொருகிட்டு ஒரு பக்கம் பிடிச்சது, நான் இன்னொரு பக்கம். மீன் துறை, மாசு, பிஸ்கட் கம்பெனி மூணு பேரும் சேர்ந்து வாய்க்கால் துறை ஷட்டரை இறக்கினோம். ஒருங்கிணைப்புன்னா என்னன்னு பரீட்சையில கேட்டா இதை எழுதுங்க, மார்க் போடமாட்டாங்க.

மஞ்சத் தண்ணி ஷட்டர்ல வந்து மோதி நின்னது. மெதுவா ஏற ஆரம்பிச்சது. கரையோரமாவே நடந்து போனோம். இரும்புத் தகடை அமிலத்துல கழுவுற ஒரு கம்பெனி மதில் அடியில, புல்லுக்குள்ள ஒரு குழாய். தண்ணி அதோட வாய் வரைக்கும் ஏறி நின்னுச்சு. அதுக்கு மேல அது எங்கேருந்து வந்ததுன்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல. ஆர்.ஐ.க்கு போன் போட்டேன். எங்க சாட்சி ரசத்தோட எழுந்து, கைக்குட்டையில வாயைத் துடைச்சுக்கிட்டே ஜீப்ல வந்து இறங்கினார்.

கம்பெனி மேனேஜர் கேட்டைத் திறந்து ஓடி வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் வாயிலேருந்து வந்த முதல் வார்த்தை, "மேடம், நீங்க சாப்பிடப் போகலியா?"

பாவம், உண்மையான அக்கறையோடதான் கேட்டார். நான் நோட்டீஸை அவர் கையில கொடுத்து, அவர் முன்னாலயே சாம்பிள் எடுத்தேன். அன்னைக்கு சாயந்திரம் என் மேலதிகாரி மேஜையில நான் வெச்சது கையெழுத்து இல்ல, அந்த மஞ்சத் தண்ணி பாட்டில். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துட்டு, தீர்மானத்தைத் திருப்பி அனுப்பிடறேன்னார்.

கதை சுபம்னு எழுந்துடாதீங்க. கம்பெனியை நிறுத்தி வெச்சோம், சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்கா கட்டுற வரைக்கும். அதுல வேலை பார்த்த காலனி ஆளுங்க சும்மா உக்காந்தாங்க. ரோசி புருஷனும் அதுல ஒருத்தர். என்னை எதிர்ல பார்த்தா துண்டை உதறிக்கிட்டுப் போவார். கம்பெனி திரும்ப ஓடின பிறகுதான் எனக்குச் சோறு ஒழுங்கா இறங்கிச்சு.

கிணத்தை இறைச்சு இறைச்சு விட்டோம். மழைக்காலம் ஒண்ணு போச்சு. திரும்பத் திரும்ப சோதனை பண்ணி, கடைசியில 'குடிக்கலாம்'னு நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கூட்டாய்வை அந்தக் கிணத்தடியில வெச்சுக்கிட்டோம், பத்திரிகைக்கு போட்டோ எடுக்கலாம்னு ஆர்.ஐ. சொன்னார்.

ரோசி ஒரு தட்டுல நாலு எவர்சில்வர் டம்ளர் கொண்டாந்து நீட்டிச்சு. "குடிக்கலாம்னு நீங்கதானே எழுதிக்கீறீங்க. குடிங்க."

யாரும் கை நீட்டல. ஆர்.ஐ.க்கு ஜலதோஷமாம், டாக்டர் சுடுதண்ணிதான் குடிக்கச் சொன்னாராம். மீன் பாய் இன்னைக்கு நோன்புன்னார். காலையில டீக்கடையில அவர் ரெண்டு வடை சாப்பிட்டதை நான் பார்த்தேன். நானா? என் சோதனை, என் கையெழுத்து, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த மஞ்சள் கண்ணுக்குள்ளயே நின்னது, கை எழும்பல. ரோசி தட்டை இறக்கவே இல்ல.

வாய்க்கால் சார்தான் கை நீட்டினார். எடுத்து, அண்ணாந்து, ஒரே மூச்சுல குடிச்சார். மீன் பாய் மெதுவா, "சார், எழுத்துபூர்வமா வேணாமா?"ன்னார். அவர் வாயைத் துடைச்சுக்கிட்டு, டம்ளரை ரோசிகிட்ட நீட்டி, "இன்னும் கொஞ்சம் கொடும்மா"ன்னார். அதுக்கப்புறம்தான் நான் எடுத்தேன். என் பின்னால மத்த ரெண்டு பேரும். லேசா இரும்பு வாசனை, மத்தபடி நல்ல தண்ணி.

அதுக்குப் பிறகு நாங்க ஒண்ணாப் போறதைக் குறைச்சுட்டோம். ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு வழி, பார்த்ததை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம். ஹோட்டல்காரருக்குத்தான் வருத்தம். ஆனா மாசம் ஒரு தடவை கிணத்தடியில மட்டும் நாலு பேரும் கூடுவோம், நாலு டம்ளர் வரும். நான் ஓய்வு பெறுற வரைக்கும் அது நடந்தது.

ரோசியை அப்பப்ப ரயில்ல பார்ப்பேன். இப்ப அதுக்கு நரை விழுந்துடுச்சு. பக்கத்துல இடம் பிடிச்சுக் கொடுக்கும், நல்லா பேசும். பேசி முடிச்சு இறங்கும்போது, "இன்னா இருந்தாலும் நீங்க ரெண்டாவதா தான் மேடம் எடுத்தீங்க"ன்னு தவறாம சொல்லிட்டுத்தான் இறங்கும்.

கும்மிடிப்பூண்டிக்குப் போஸ்டிங் கிடைச்சவங்க யாராவது இங்க இருக்கீங்களா? அந்தக் கிணறு இன்னும் இருக்கு, போங்க. தட்டு வரும். முதல் டம்ளரை நீங்க எடுங்க.